“பேரண்ட மட்டத்தில் மீண்டுவிட்டோம்” என்றால் என்ன அர்த்தம்?

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பேரண்டப் பொருளாதாரப் பகுப்பாய்வின்படி நாடு மீண்டுவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். என் கடைக் கணக்குக் கொப்பியில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பேரண்டப் பகுப்பாய்வு என்றால் என்ன? அதை எதற்குப் பாவிக்கிறார்கள்?” பார்த்தால் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்பது, டிவிக் கணக்கு, கடைக் கணக்கு இரண்டில் எது பொய் என்று. இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் என் பதில். அது எப்படி என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கொழும்பில் ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான், உயர்தர மாணவர்களுக்குப் பொருளியலும் படிப்பித்திருக்கிறேன். இதே கேள்வியை மாணவர்களின் பெற்றோர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சொல்லை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் மத்திய வங்கி அறிக்கைகளில் பேரண்டப் பொருளாதாரம் என்று வரும், சிலர் பேரினம் என்று எழுதுவார்கள், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேரியல் பொருளாதாரம். எல்லாம் ஒன்றுதான், பேச்சில் எல்லோரும் மேக்ரோ என்றுதான் சொல்கிறோம். நாட்டின் மொத்த உற்பத்தி, பொதுவான விலைமட்டம், மொத்த வேலைவாய்ப்பு, நாட்டுக்குள் வரும் போகும் டொலர், வட்டி, அரசின் வரவு செலவு என்று மொத்தங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மொத்தம் இன்னொன்றை எப்படித் தள்ளுகிறது என்று பார்ப்பது பேரண்டப் பகுப்பாய்வு. ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு பண்டத்தின் சந்தை என்று பார்த்தால் அது நுண்பகுப்பாய்வு. இந்தப் பிரிவினையை 1933 இல் நோர்வேக்காரரான ராக்னர் ஃபிரிஷ் எழுத்தில் வைத்தார். 1929 இல் தொடங்கிய பெருமந்தத்துக்குப் பிறகு, 1936 இல் பிரித்தானியப் பொருளியலாளர் கெயின்ஸ் எழுதிய நூலோடு அது தனித் துறையாகவே வளர்ந்தது.

தனித் துறை எதற்கு, எல்லாக் கடைகளையும் எல்லாக் குடும்பங்களையும் கூட்டினால் நாடு வந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் வராது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த உண்டியலையே, அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் வெளிநாட்டுக் காசை அனுப்புவதையே, எடுத்துக்கொள்ளுங்கள். 2021 இன் பின்பாதியில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா என்று பிடித்து வைத்திருந்தார்கள். வங்கியில் அனுப்பினால் அந்தக் கணக்குத்தான். உண்டியலில் அனுப்பினால் கூடுதலாகக் கிடைத்தது, காசும் வீட்டு வாசலுக்கே வந்தது. கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்யும் ஒருவர் தன் வீட்டுக்கு உண்டியலில் அனுப்புவதில் என்ன பிழை? அந்தக் குடும்பத்துக்கு அது நல்ல முடிவு. பக்கத்து வீட்டுக்கும் நல்ல முடிவு. ஆனால் எல்லோரும் அப்படிச் செய்தபோது நடந்ததைப் பாருங்கள்: உத்தியோகபூர்வ வழியில் வந்த தொழிலாளர் பணவனுப்பல்கள் 2020 இல் சுமார் 7.1 பில்லியன் டொலர், 2021 இல் 5.5 பில்லியன், 2022 இல் 3.8 பில்லியன். வங்கிகளில் டொலர் வற்றியது, இறக்குமதிக்குக் கடன் கடிதம் (விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி கொடுக்கும் உறுதி) திறக்க முடியவில்லை, எரிவாயுக் கப்பல் காசுக்காகக் கடலில் காத்து நின்றது. உண்டியலில் நாலு காசு கூட வாங்கிய அதே குடும்பம் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றது.

இதில் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை, ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் சரி. மொத்தமாகப் பார்த்தால்தான் வேறு கதை. பெற்றோலும் அப்படித்தான்: நாளைக்குக் கிடைக்காது என்ற பயத்தில் அரைத் தாங்கி இருந்தவரும் வரிசையில் நின்றார், அதனாலேயே நாளைக்கு இல்லாமல் போனது. கடைசியில் கியூஆர் முறை கொண்டுவந்து ஆளுக்கு இவ்வளவுதான் என்று வைத்த பிறகுதான் வரிசை குறைந்தது. தனியாள் அளவில் சரியாக இருப்பது மொத்த அளவில் தலைகீழாகப் போகக்கூடிய இப்படியான இடங்களுக்குத்தான் பேரண்டப் பகுப்பாய்வு தேவைப்படுகிறது. அப்படித் தலைகீழாகப் போகாத இடங்களில் வெறும் கூட்டலே போதும், பெரிய பெயர் எதுவும் வேண்டாம். (உண்டியல்தான் நாட்டைக் கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. 2019 கடைசியில் வந்த வரிக் குறைப்பு, கொவிட்டில் படுத்த சுற்றுலா, கழுத்தை நெரித்த வெளிநாட்டுக் கடன் என்று பட்டியல் நீளம். 2022 மார்ச்சில் ரூபாவைச் சந்தை விலைக்கு விட்டபோது டொலர் மே மாதத்துக்குள் சுமார் 360க்குப் போனதும், ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்ததும் அந்த எல்லாவற்றின் விளைவு.)

இனி உங்கள் கொப்பிக்கு வருவோம். “பணவீக்கம் 70 சதவீதத்திலிருந்து பூச்சியத்துக்கு வந்துவிட்டது” என்ற வசனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்காண்டு பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3, 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5. இதை உங்கள் கணக்காக மாற்றிப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் ஒரு வீட்டின் சாமான் செலவு 100 ரூபா என்று வையுங்கள். அடுத்த வருடம் அதே சாமான் 169 ரூபா 80 சதம். அதற்கடுத்த வருடம் சுமார் 172. அதற்கும் அடுத்த வருடம் சுமார் 171. இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டை 2013 இலிருந்து 2021க்கு மாற்றினார்கள், ஆகவே சதம் வரைக்கும் சரி பார்க்க முடியாது, ஆனால் கதை மாறாது. பணவீக்கம் விழுந்தது என்றால் விலை ஏறும் வேகம் விழுந்தது. விலை 100க்குத் திரும்பவில்லை, திரும்பப் போவதுமில்லை. திரும்ப வேண்டும் என்று மத்திய வங்கியும் நினைக்கவில்லை, அதன் இலக்கே பணவீக்கம் 5 சதவீத அளவில் இருக்க வேண்டும் என்பதுதான். டிவியில் பேசுகிறவர் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் உயரத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். சம்பளமும் வருமானமும் 100 இலிருந்து 171க்கு வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். வராதவருக்கு அது நட்டம், ஒவ்வொரு மாதமும் தொடரும் நட்டம்.

வளர்ச்சியிலும் இதே விளையாட்டுத்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தி 2022 இல் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023 இல் மேலும் 2.3 சுருங்கியது, 2024 இல் 5 சதவீதம் வளர்ந்தது. ஐந்து சதவீதம் நல்ல வளர்ச்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2021 ஐ 100 என்று வைத்துக்கொண்டு வரிசையாகக் கணக்குப் போட்டால் 92.7, பிறகு 90.6, பிறகு 95.1. அதாவது அந்த நல்ல வருடத்தின் முடிவிலும் நாடு 2021 இல் இருந்த இடத்துக்கு வரவில்லை. “மீட்சி” என்று பொருளியலாளர் சொல்லும்போது விழுவது நின்று ஏறத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறார். கேட்கிறவர் காதில் பழைய நிலை வந்துவிட்டது என்று விழுகிறது. இதைத் தெளிவாகச் சொல்லாதது எங்கள் தொழிலின் பழைய வியாதி. அரசியல்வாதிக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

இன்னொன்று, மொத்தம் எப்போதும் ஆளை மறைக்கும். கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துச் செய்தது. அதில் உணவுக்கு சுமார் 26 சதவீத நிறைதான். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அதே உணவுக்கு சுமார் 39 சதவீதம். காரணம் எளிது: வருமானம் குறையக் குறையச் செலவில் சாப்பாட்டின் பங்கு கூடும். அப்படியானால் அரிசியும் தேங்காயும் ஏறும்போது கொழும்பு 7 இல் இருக்கிறவருக்கும் கிளிநொச்சியில் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே பணவீக்கமா? இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணில் மொத்தப் பணவீக்கம் 69.8 ஆக இருந்தபோது உணவுப் பணவீக்கம் மட்டும் 95 சதவீதத்துக்குக் கிட்ட நின்றது. சாப்பாட்டுக் கடைக்காரரான உங்களுக்கு எந்தச் சுட்டெண்ணும் பொருந்தாது. உங்கள் கூடையில் அரிசி, மரக்கறி, தேங்காய், எண்ணெய், கோழி, எரிவாயு, மின்சாரம், வேலைப் பொடியனின் சம்பளம், கடை வாடகை. 12.5 கிலோ சிலிண்டர் 2021 இல் 1,493 ரூபாவாக இருந்தது, 2022 ஏப்ரலில் 4,860க்குப் போனது. வீட்டுக்காரருக்கு அது மாதம் ஒரு தடவை வரும் அடி, உங்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்திருக்கும்.

நாட்டின் மொத்த வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் ஒழுங்காக வகுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934 இல் தன் அறிக்கையைக் கொடுக்கும்போதே, இந்த எண்ணை வைத்து மக்கள் நலத்தை முடிவு கட்டாதீர்கள் என்று எழுதி வைத்தார். மொத்தம் நிமிர்ந்தாலும் பங்கீடு நிமிராமல் இருக்கலாம். எங்கள் நாட்டையே பாருங்கள்: உலக வங்கியின் மதிப்பீட்டில், ஒரு நாளைக்கு 3.65 டொலர் என்ற வறுமைக் கோட்டின் கீழ் 2019 இல் இருந்தவர்கள் 11 சதவீத அளவில். 2024 இல், அந்த 5 சதவீத வளர்ச்சி வந்த வருடத்திலும், ஏறக்குறைய நான்கில் ஒருவர். அந்த வளர்ச்சி எண்ணும் இந்த நான்கில் ஒருவரும் ஒரே நாட்டின் ஒரே வருடத்து எண்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

அப்படியானால் எதை நம்புவது, எதைச் சந்தேகத்தோடு கேட்பது? கணக்கியல் உறவுகள் உறுதியானவை. நாட்டுக்குள் வரும் டொலரைவிடப் போகும் டொலர் கூடினால் அந்த இடைவெளியைக் கடனோ ஒதுக்குகளோ (மத்திய வங்கியின் டொலர் கையிருப்பு) நிரப்ப வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. இதில் கட்சியில்லை, கொள்கையில்லை. அதற்கடுத்த படியில் திசைகள்: வட்டியை நன்றாக ஏற்றினால் கூட்டுக் கேள்வி, அதாவது நாட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்க முனையும் மொத்தம், குறையும், அதோடு இறக்குமதியும் விலையேற்றமும் குறையும். இதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று கேட்டால் அங்கேதான் நாங்கள் தடுமாறுவோம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் அந்த வருட முடிவில் 25 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. வட்டிதான் அடக்கியது என்று ஒரு சாரார். உலகச் சந்தையில் எண்ணெயும் உணவும் இறங்கியது, ரூபா கொஞ்சம் பலமடைந்தது, முந்தின வருடத்து விலையே உச்சத்தில் இருந்ததால் ஒப்பீடு தானாகவே சிறுத்தது என்று இன்னொரு சாரார். என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் பங்குண்டு, வட்டியின் பங்கு பெரிது. ஆனால் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்துத் தருகிறவர் யாராக இருந்தாலும் அவர் ஒரு மாதிரியுருவின் அனுமானங்களைத்தான் சொல்கிறார். வட்டி ஏற்றாத இன்னொரு இலங்கை பக்கத்தில் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அது இல்லை, பேரண்டப் பகுப்பாய்வின் நிரந்தரமான குறை இது.

எண்களும் கல்லில் வெட்டியவை இல்லை. 2022 இன் சுருக்கம் 7.3 சதவீதம் என்று மேலே எழுதினேன். முதலில் வெளியானபோது அது 7.8. பிறகு கூடுதல் தரவு வந்து திருத்தினார்கள். திருத்துவது நேர்மையான வேலை, அதைப் பார்த்துப் புள்ளிவிபரமே பொய் என்று குதிக்க வேண்டாம். அதே நேரம், தசமத்துக்குப் பின்னால் வரும் ஒரு புள்ளியை வைத்து வெற்றி விழா கொண்டாடுகிறவரையும் நம்ப வேண்டாம். பில் போடாத வியாபாரம், வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் பெண்ணின் உழைப்பு, நாட்கூலி எல்லாவற்றையும் மதிப்பீட்டால்தான் பிடிக்கிறார்கள், நேரே எண்ணுவதில்லை.

சொல்லின் பாவனையில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தரவு பெரிதாக இருந்தால் அது பேரண்டப் பகுப்பாய்வு என்று நினைக்கிறார்கள். சம்பந்தமில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய குடும்ப வருமான செலவின ஆய்வுக்கு நாடு முழுவதும் சுமார் 25,000 வீடுகளைத் தெரிவு செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அரிசிக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று விபரம். தரவு மலைபோல, ஆனால் அதை வைத்து எந்தக் குடும்பம் எதில் செலவைக் குறைக்கிறது என்று பார்த்தால் அது நுண்பகுப்பாய்வு. மறுபக்கம், காலாண்டுக்கு ஓர் எண் என்று பதினைந்து வருடத்து எண்கள் வெறும் அறுபதுதான், ஒரு தாளில் அடங்கும். அதில் நடப்பது பேரண்டப் பகுப்பாய்வு. பிக் டேட்டா என்பது தரவின் அளவைப் பற்றிய பேச்சு, பேரண்டம் என்பது கேள்வியின் மட்டத்தைப் பற்றியது. சமூகவியலிலும் இதே பிரிவினை உண்டு: ஒரு வகுப்பறையில் ஆசிரியரும் பிள்ளையும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது நுண்மட்டம், இலவசக் கல்வி ஒரு தலைமுறையின் தொழிலை எப்படி மாற்றியது என்பது பேரண்ட மட்டம். திட்ட அறிக்கைகளில் கனதிக்காக “பேரண்ட ரீதியாக” என்று தூவுகிறார்களே, அதை எடுத்துவிட்டு வாசித்தால் பெரும்பாலும் வசனம் இன்னும் நன்றாக இருக்கும். எக்செலில் வரும் மேக்ரோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதையும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

பேரண்டத்தில் கண்ட உறவை நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எடுக்கவும் முடியாது. 1976 இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரொபேர்ட் லூக்காஸ் இதை அழுத்திச் சொன்னார்: கொள்கை மாறினால் மக்கள் தங்கள் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்வார்கள், எதிர்பார்ப்பு மாறினால் பழைய உறவு உடையும். உண்டியல் கதையின் பின்பகுதியிலேயே அது தெரிகிறது. ரூபாவைச் சந்தை விலைக்கு விட்டு, வங்கிக்கும் உண்டியலுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியதும், பணவனுப்பல் 2023 இல் சுமார் 6 பில்லியனுக்கும் 2024 இல் 6.6 பில்லியனுக்கும் ஏறியது. 2021, 2022 எண்களை மட்டும் வைத்துக் கோடு இழுத்திருந்தால், இனி வெளிநாட்டில் இருந்து டொலரே வராது என்று ஒருவர் ஆணித்தரமாகச் சொல்லியிருப்பார். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

சரி, உங்களுக்கு இதெல்லாம் எதற்கு உதவும்? இரண்டாவது கிளை திறக்கலாமா, கடன் எடுக்கலாமா என்பதற்குப் பேரண்டப் பகுப்பாய்வில் பதில் இல்லை. அதைச் சொல்லப்போகிறது உங்கள் கொப்பியும், காலி வீதியில் உங்களோடு போட்டி போடும் மற்றக் கடைகளும்தான். நானும் அதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் வெளியிலிருந்து உங்கள் மேல் வந்து விழக்கூடியதை முன்கூட்டிப் பார்க்க மூன்று எண்கள் போதும். மாத முடிவில் வரும் கொழும்புச் சுட்டெண்ணில் தலைப்பு எண்ணை விட்டுவிட்டு, உணவுப் பிரிவில் சுட்டெண்ணின் மட்டத்தையே பாருங்கள், சதவீதத்தை அல்ல. டொலர் விலையைப் பாருங்கள், எரிவாயுவும் பருப்பும் அதோடுதான் ஏறி இறங்கும். கடன் வைத்திருந்தால் மத்திய வங்கி வாரம் ஒரு தடவை வெளியிடும் ஏடபிள்யூபிஆர் வீதத்தை (மேலே சொன்ன வங்கிகளின் முதன்மைக் கடன் வீதத்தின் சராசரி) பாருங்கள், மிதக்கும் வட்டியில் எடுத்த வியாபாரக் கடன்களில் பல அதோடு கட்டியிருக்கும். உங்கள் கடன் ஒப்பந்தத்தில் “ஏடபிள்யூபிஆர் கூட்டல் இவ்வளவு” என்ற வரி இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான வட்டி என்றால் அந்த மூன்றாவது எண்ணை அடுத்த கடன் எடுக்கும் வரைக்கும் மறந்துவிடலாம்.